தங்கவயலில் கொடி ரோஜா

கோலார் தங்கவயல் என்றதும் நினைவுக்கு வருவன சுரங்கத் தண்டுகள், சங்கொலி, லைன் வீடுகள், வெண்சாம்பல் நிறத்தில் குன்றுபோல் உயர்ந்து நிற்கும் சயனைடு மேடுகள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இந்த நூற்றிருபது ஆண்டு வரலாற்றில் தோட்டக்கலைக்கும் ஒரு சிறு பக்கம் உண்டு. இவ்வூரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்த வெள்ளைக்கார அதிகாரிகள் தத்தம் பங்களாக்களைச் சுற்றித் தம் நாட்டு மலர்களை வளர்க்க முயன்றனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரோ, லைன் வீட்டின் முன்னுள்ள சிறு இடத்தில் அவரைப் பந்தலும் கனகாம்பரமும் வைத்தனர். பங்களாத் தோட்டம் விரிந்தது, லைன் வீட்டு முற்றம் குறுகியது. ஆயினும் இரண்டுக்கும் ஒருங்கே பொருந்தும் செடி ஒன்று உண்டு. தரையில் இரண்டடி இடம் மட்டுமே கேட்டு, மேலே பத்தடிச் சுவரைப் பூவால் நிரப்பும் கொடி ரோஜாவே அது.

அதை நட விரும்புவோர் பலர். நட்டு ஏமாந்தோரும் பலர். நாற்றங்காலில் பெரிய பூவைக் காட்டும் வண்ணப்படத்தைப் பார்த்து வாங்கிய செடி, மூன்று ஆண்டுகளில் கூரையைத் தொடும் அளவுக்கு இலையும் முள்ளுமாக வளர்ந்து, ஆண்டுக்கு ஐந்தாறு பூக்களோடு நின்றுவிடுவதை இப்பகுதி வீடுகளில் காணலாம். வீட்டுக்காரர் உரத்தை மாற்றிப் பார்ப்பார், மருந்தடித்துப் பார்ப்பார், இறுதியில் வெட்டி எறிவார். பெரும்பாலும் பிழை உரத்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை. இந்த மண்ணுக்குரிய வம்சம் அல்லாத ஒரு செடியைத் தேர்ந்ததே காரணம். ஆதலால் இக்கட்டுரையில் நடவு முறைக்கு முன்பாகத் தேர்வைப் பற்றியே சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள பீடபூமி. கோடையில் வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டும். மார்கழி, தை இரவுகளில் 15 பாகையை ஒட்டி இறங்கும். உறைபனி இல்லை. மழை குறைவு, அதுவும் பெரும்பகுதி ஆவணி முதல் ஐப்பசி வரை பெய்துவிடும். மாசி தொடங்கி வைகாசி வரை வறட்சி. இத்தகைய இடத்தில் 'உறுதியான செடி' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க நூல்களில் ஒரு ரோஜாவை உறுதியானது என்று எழுதினால், அது பனியில் உறைந்தும் சாகாது என்பதே பொருள். அந்தச் சான்றிதழால் நமக்குப் பயன் ஏதும் இல்லை. நமக்கு வேண்டியவை வேறு: சித்திரை வெயிலில் இலையை உதிர்த்துவிட்டு ஒடுங்காமல் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை கிடைக்கும் நீரில் உயிர்வாழ வேண்டும், உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பொறுக்க வேண்டும், குளிர்காலம் என்ற ஓய்வே இல்லாமல் ஆண்டு முழுதும் வளரும் ஆற்றல் இருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதே அனைத்திலும் முக்கியமானது. ரோஜாக்களில் இரு வகை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில் மட்டும் பூப்பவை ஒரு வகை. துளிர்க்கும்போதெல்லாம் பூப்பவை மற்றொரு வகை. உலகின் காட்டு ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காட்டு ஓரங்களில் வெண்பூக்களுடன் ஏறிப் படரும் லெஷனோல்ட் ரோஜா நம் தென்னிந்தியாவுக்கே உரிய காட்டுக் கொடி ரோஜா. அதுவும் ஆண்டுக்கொரு பருவம் மட்டுமே பூத்து ஓய்கிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் 2012ஆம் ஆண்டில்தான் மரபணு அளவில் தெளிவாயிற்று. ரோஜாவில் பூப்பதைத் தடுத்து, கொடியை வளரச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. அது மதகுக் கதவு போன்றது. குளிர்காலம் கழிந்து வரும் வசந்தத்தில் மட்டும் கதவு சிறிது திறக்கும், பூ வரும், பின் மூடிக்கொள்ளும், செடி இலையையும் கிளையையும் பெருக்கும். சீனத்துத் தோட்டங்களில் நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட ரோஜாக்களில் இந்த மரபணுவின் நடுவே வேறொரு மரபுத் துண்டு வந்து செருகிக்கொண்டு, அதை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது. கதவே உடைந்துவிட்டது எனலாம். ஆகவே அவற்றின் ஒவ்வொரு புதுத் துளிரின் நுனியும் மொட்டில் முடிகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சீன ரோஜாக்கள் கப்பலேறிக் கல்கத்தா வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றன. அதனாலேயே அங்கே அவற்றுக்கு 'வங்க ரோஜா' என்றும் பெயர் வழங்கியது. இன்று உலகில் தொடர்ந்து பூக்கும் ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவற்றினுள் அந்தச் சீன இரத்தம் ஓடுகிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. ஒருமுறை பூக்கும் கொடிவகைகளுக்குக் குளிர்காலம் தேவை. தங்கவயலில் அந்தக் குளிர் கிடையாது. எனவே மேலைநாட்டு நூல்களில் சுவரையே மறைத்துப் பூத்துக் குலுங்கும் சில புகழ்பெற்ற கொடிகள் இங்கே இலைப்பந்தலாக மட்டும் நின்றுவிடுகின்றன. நாற்றங்காலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி பூவின் நிறம் பற்றியதன்று. 'இது ஆண்டு முழுதும் பூக்குமா? இந்த ஊரில், மண்ணில் நட்ட ஒரு செடியைக் காட்ட முடியுமா?' என்பதே. தொட்டியில் ஓரடிக் குச்சியாக நிற்கும் செடி எதற்கும் சான்றாகாது.

இனி, கேட்டு வாங்கத்தக்க ஒரு செடியைச் சொல்வோம். அதன் பெயர் 'கிரூஸ் ஆன் டெப்ளிட்ஸ்'. ஜெர்மன் மொழியில் 'டெப்ளிட்ஸ் நகருக்கு வணக்கம்' என்று பொருள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் செடி எந்த மண்ணிலும் நுழையும். இதை உருவாக்கியவர் ருடால்ஃப் கெஷ்விண்ட் என்னும் ஆஸ்திரிய–ஹங்கேரிய வனத்துறை அலுவலர். இன்றைய ஸ்லோவாக்கியாவின் மலைப்பகுதியில் வாழ்ந்த அவர், கடும் பனியைத் தாங்கும் கொடி ரோஜாக்களை உண்டாக்குவதையே வாழ்நாள் நோக்கமாகக் கொண்டிருந்தார். 1897ஆம் ஆண்டில் இச்செடி விற்பனைக்கு வந்தது. பனிக்காகப் பிறந்த செடி வெயில் நாட்டில் தழைத்ததுதான் வியப்பு. ஆனால் அதன் வம்சாவளியைப் பார்த்தால் வியப்பு நீங்கும். அதன் முன்னோருள் சீன ரோஜாவும், சீனத்திலிருந்தே வந்த தேயிலை மணமுள்ள 'டீ' ரோஜாவும் பலமுறை கலந்துள்ளன. இவ்விரண்டும் வெப்பநாட்டு வாழ்வுக்குப் பழகிய குடும்பங்கள்.

இதன் பூ கருஞ்சிவப்பு, நடுத்தர அளவு, காம்பு மெலிந்து பூ சற்றே தலைகவிழ்ந்திருக்கும். பூச்சாடிக்கு ஏற்றதன்று என்று குறை சொல்வர். கொடியாக உயரே படரும்போது அக்குறையே நிறைவாகிறது. கீழே நிற்பவரை நோக்கிப் பூ குனிந்து முகம் காட்டும். மணம் கனமானது. வெட்டிவிட்டால் புதராக நிற்கும். தாங்கல் கொடுத்தால் எட்டு, பத்து அடி ஏறும். வட இந்தியாவில் வேலிக்காகவும் உதிரிப்பூவுக்காகவும் நீண்ட காலமாக வளர்க்கப்படுவதே அதன் உறுதிக்குச் சான்று. இன்றைய ரோஜாக் கண்காட்சிகளில் இதற்குப் பரிசு கிடைக்காது. ஆனால் வீட்டுச் சுவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே.

வெள்ளை வேண்டுவோருக்குக் 'கிளைம்பிங் ஐஸ்பெர்க்' உண்டு. 1958இல் ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் வெளியிட்ட ஐஸ்பெர்க் புதர் ரோஜாவிலிருந்து தானே தோன்றிய கொடிவடிவம் இது, 1968இல் வெளிவந்தது. முள் குறைவு என்பதால் குழந்தைகள் நடமாடும் வாயிலுக்கு நல்லது. மணம் மிகக் குறைவு. புதர் ரோஜாவிலிருந்து இவ்வாறு கொடியாக மாறியவை பல உண்டு. அவற்றை வாங்குவோர் முதல் இரண்டு ஆண்டுகள் கடுமையாக வெட்டக் கூடாது. வெட்டினால் சில செடிகள் மீண்டும் புதராகத் திரும்பிவிடும் என்பது தோட்டக்காரர்களின் பழைய எச்சரிக்கை. நம் நாட்டிலேயே, டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 'டெல்லி ஒயிட் பேர்ல்' போன்ற கொடி வகைகள் வந்தன. துரு நோயைத் தாங்கும் கோதுமையை நாட்டுக்களித்த அறிவியலாளர் பி. பி. பால் அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்; ரோஜா ஆர்வலர்க்கெல்லாம் முன்னோடி.

நம் பூக்கூடைகளில் 'பன்னீர் ரோஜா' என்று விற்கப்படும் எட்வர்டு ரோஜாவையும் மறந்துவிடலாகாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு அந்நாளில் பூர்போன் தீவு எனப்பட்டது. அங்கே வேலியோரங்களில் வளர்ந்த பழைய டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த வம்சம் அது. கொடி என்று சொல்ல இயலாது. ஆயினும் ஐந்தாறு அடி உயர்ந்து, தாங்கலில் சாய்ந்து நிற்கும். உள்ளூர் மண்ணில் அது கண்ட வெற்றிக்குக் காரணமும் அதே சீனக் கலப்புத்தான்.

இத்தகைய வம்சச் சிந்தனையை நம் தமிழ்நாட்டிலேயே இருந்துகொண்டு உலகம் அறியச் செய்தவர்கள் கொடைக்கானலில் வாழும் வீரராகவன், கிரிஜா தம்பதியர். வீரராகவன் ஆந்திர மாநிலத்தில் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். அப்பணியிலிருந்து முன்னதாகவே விலகி ரோஜாவுக்கே தம் வாழ்வை ஒப்படைத்தார். அவருடைய வாதம் எளிது. இன்றைய ரோஜாக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மக்கள் குளிர்நாட்டுக்காக உண்டாக்கியவை. வெப்பநாட்டுக்கு வேண்டுமானால், வெப்பநாட்டுக் காட்டு ரோஜாக்களிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்காக அவர் இரண்டு இந்திய இனங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, வங்கம், பீகார் போன்ற சமவெளிகளில் நீர்நிலை ஓரங்களில் வளரும் 'கிளைனோஃபில்லா'. மற்றொன்று, மணிப்பூரின் சிருய் மலையிலும் பர்மாவின் மலைகளிலும் மரங்களின் உச்சிவரை ஏறும் 'ஜைஜாண்டியா'. 1880களில் ஆங்கிலேயர் கண்டு வியந்து, அரக்கன் என்ற பொருளில் பெயரிட்ட மாபெரும் கொடி அது. அதன் பூ அகன்று, வெளிர்மஞ்சள் கலந்த வெண்மையுடன் இருக்கும். டீ ரோஜாக்களின் நீண்ட மொட்டும் பளபளக்கும் இலையும் அதன் வம்சத்துச் சீதனம்.

காட்டினத்தைக் கலந்து உறுதியைப் பெறுவது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. கோயம்புத்தூர்க் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பரும் வெங்கடராமனும் இனிப்புக் கரும்பைப் பேய்க்கரும்போடு கலந்து உண்டாக்கிய 'கோ 205' என்ற வகை 1918இல் வெளிவந்து, வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றிவிட்டது. அதே நிலையத்தில் பின்னாளில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைத் தம் ரோஜா ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறார் வீரராகவன். தலைச்சேரியில் ஜானகி அம்மாள் பிறந்த ஆண்டு 1897. நாம் மேலே பேசிய கிரூஸ் ஆன் டெப்ளிட்ஸும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. கொடைக்கானலில் உருவான வகைகள் நம் ஊர் நாற்றங்கால்களில் எளிதில் கிடைப்பதில்லை. எனினும் எங்கேனும் ஜைஜாண்டியா கலந்த கொடி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆஸ்திரேலியாவின் அலிஸ்டர் கிளார்க் இதே இனத்தைக் கலந்து 1924இல் வெளியிட்ட 'லோரெய்ன் லீ' என்ற ரோஜா, அந்நாட்டின் வெயிலில் குளிர்காலத்திலும் பூப்பதாகப் புகழ்பெற்றது.

செடியைத் தேர்ந்தபின், அதன் வேர் யாருடையது என்று கேட்க வேண்டும். நாற்றங்காலில் கிடைப்பவை பெரும்பாலும் மொட்டு ஒட்டுக் கட்டியவை. அதாவது, மேலே நாம் விரும்பும் வகை. கீழே வேறொரு முரட்டு ரோஜாவின் வேர். தென்னிந்தியாவில் மிகுதியாகப் பயன்படும் 'மல்டிஃபுளோரா' வேர், செம்மண்ணில் நன்றாக வளரும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணையும் நீரையும் வெறுக்கும். கடின நீர் தொடர்ந்து பாய்ந்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். ஆகையால் உப்பு நீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில், குச்சியிலிருந்து தன் வேரிலேயே வளர்ந்த செடி நல்லது. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து எழும் சிம்பை உடனுக்குடன் பறிக்காவிட்டால், இரண்டே ஆண்டில் வேர்ச்செடி மேலோங்கி நாம் வாங்கிய ரோஜா மறைந்துவிடும். தன் வேரில் நிற்கும் செடிக்கு அந்த அச்சம் இல்லை.

இடம் பற்றிச் சொல்வதில் தங்கவயலுக்கே உரிய ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். சயனைடு மேட்டு மணலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரலாகாது. பார்வைக்குச் சீராகச் சலித்த ஆற்று மணல் போலத் தோன்றும். அது மாவாக அரைக்கப்பட்ட பாறை. பொன்னைப் பிரிக்கும் வேதிச்செயலின் கழிவு. அதில் மக்கிய பொருள் சிறிதும் இல்லை. நீர் பட்டால் இறுகும், காய்ந்தால் பறக்கும். வேரும் அதில் வாழாது. கையாளும் நமக்கும் நல்லதன்று. வீடு மேட்டுக்கு அருகிலிருந்தால், மேற்பரப்பில் படிந்திருக்கும் அந்தப் புழுதி மண்ணை அரையடி அகற்றிவிட்டு, குழியை முழுவதும் வேறிடத்துச் செம்மண்ணால் நிரப்புவது தகும்.

குழி இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். சிறிய குழியே இங்கு மிகுதியாகக் காணும் குறை. ஓரடிக் குழியில் வைத்த கொடி, தொட்டியில் வைத்ததற்கு ஒப்பாகும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தோண்டுக. சுவரடி மண் சுண்ணாம்பும் சிமெண்டுத் தூளும் கலந்து, மழையும் படாமல் வறண்டிருக்கும். கிழக்குச் சுவர் சிறந்தது. காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் போதும். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்து இரவெல்லாம் சூட்டைக் கக்கும். அங்கே வைத்தால் சிவப்புச் சிலந்தியோடு ஓயாத போராட்டம்தான். தோண்டிய குழியை ஒரு வாரம் காயவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, அதனுடன் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு, இரண்டு கைப்பிடி எலும்புத்தூள் கலந்து நிரப்ப வேண்டும். பிண்ணாக்கு கறையானையும் தடுக்கும். அடுப்புச் சாம்பலைச் சேர்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்குள்ள நீர் ஏற்கெனவே காரத்தன்மை உடையதாகையால் ரோஜாவுக்கு அதைத் தவிர்க்கலாம். மழை தொடங்கியபின், ஆடி முதல் புரட்டாசிக்குள் நட்டால் கோடைக்கு முன் வேர் ஆழமாகப் போய்விடும்.

நீர்தான் இவ்வூரின் பெருங்கவலை. ஒரு காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கல ஏரியிலிருந்து சுத்திகரித்த நீர் சுரங்கக் குடியிருப்புகளுக்கு வந்தது. இன்று குடத்துக்கும் லாரிக்கும் காத்திருக்கும் வீட்டில், ரோஜாவுக்கு நாள்தோறும் நீர் ஊற்றச் சொல்வது முறையன்று, தேவையும் இல்லை. நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனால் செடி வாடும். வாரம் ஒருமுறை, கோடையில் இருமுறை, பதினைந்து இருபது லிட்டர் நீரை மெதுவாக இறங்கவிட்டால் வேர் நீரைத் தேடிக் கீழே செல்லும். அடியில் சிறு துளையிட்ட மண்பானையைச் செடியருகே கழுத்துவரை புதைத்து, துளையில் திரி வைத்து நிரப்பிவிடுவது நம் பழைய முறை. இதைவிடச் சிக்கனமானது இல்லை. செடியடியில் மூன்றங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ மூடாக்காக இருக்கட்டும். அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் ஏற்றவை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை மட்டும் தொடர்ந்து ஊற்ற வேண்டா. நீரிலுள்ள உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். வீணாகிறதே என்று அந்நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் செடி இலை விளிம்பு கருகித் தேய்ந்துபோகும்.

இனிக் கொடியைப் படரவிடும் கலை. பூ மிகுவதும் குறைவதும் இதில்தான் இருக்கிறது. எனவே சற்றே நிதானமாகக் காண்போம். ரோஜாவைக் கொடி என்று அழைத்தாலும் அது உண்மையில் கொடியன்று. பாகற்கொடிக்கு உள்ளதுபோல் பற்றுக்கம்பி அதற்கில்லை. அவரைபோல் சுற்றிக்கொள்ளவும் தெரியாது. காட்டில் அது பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்து, பின்னோக்கி வளைந்த முள்ளைக் கொக்கியாக மாட்டி ஏறுகிறது. வீட்டுச் சுவரில் அந்த மரத்தின் வேலையை நாம் செய்ய வேண்டும். சுவரிலிருந்து நான்கு அங்குலம் விலக்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கிடைக்கம்பிகளை இழுத்துக் கட்டுக. அந்த இடைவெளி காற்றோட்டத்துக்காக. துத்தநாகம் பூசிய கம்பி துருப்பிடிக்காது. கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணிக்கிழிசலே போதும். எட்டின் வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும்.

முதல் ஆண்டில் நான்கைந்து நீண்ட தண்டுகள் எழும். அவற்றை நேராக மேலே ஏறவிட்டால் நுனியில் மட்டுமே பூ வரும்; அடி மொட்டையாக நிற்கும். நுனி மொட்டில் உற்பத்தியாகும் ஒரு வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழிறங்கிக் கணுக்களில் உள்ள மற்ற மொட்டுகளை உறங்க வைப்பதே இதற்குக் காரணம். தண்டைக் கிடையாக வளைத்துக் கட்டினால் நுனியின் அந்த அதிகாரம் தளரும். அப்போது ஒவ்வொரு கணுவும் விழிக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சாண் நீளப் பக்கத்துளிர் எழுந்து பூவில் முடியும். பத்தடித் தண்டு நேராக நின்றால் ஒரு கொத்து. அதையே கிடையாகக் கட்டினால் இருபது கொத்து. முற்றிய தண்டு வளைக்கும்போது முறியும். ஆகையால் இளம்பச்சையாக இருக்கும்போதே, ஒரே நாளில் முழுதும் வளைக்காமல், வாரம் சிறிதாக விசிறிபோல் விரித்துவர வேண்டும். லைன் வீட்டுக் குறுகிய முகப்பில் கிடையாக இழுக்க இடமில்லை என்றால், தூணைச் சுற்றிச் சுருளாக ஏற்றினாலும் இதே பயன் கிடைக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் காய்ந்ததை நீக்குவது தவிர வேறு கவாத்து வேண்டா. அந்த ஆண்டுகளில் பூவும் சொற்பமாகவே இருக்கும். செடி தன் முதலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று வங்கி வாடிக்கையாளருக்கு விளக்கத் தேவையில்லை. மூன்றாம் ஆண்டு முதல், மழை ஓய்ந்தபின், தீபாவளியை ஒட்டிக் கவாத்து செய்யலாம். கிடையாகக் கட்டிய முதன்மைத் தண்டுகளைத் தொடாமல், அவற்றிலிருந்து எழுந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுக. நான்கு ஆண்டுகளைக் கடந்த மரத்த தண்டு ஒன்றை மட்டும் ஆண்டுதோறும் அடியோடு நீக்கி, அதன் இடத்தில் புதுத் தண்டு ஒன்றைக் கட்டுக. கவாத்துக்கும் பூவுக்கும் இடையே இந்தத் தட்பவெப்பத்தில் ஏறத்தாழ 45 முதல் 50 நாள். நவம்பர் முதல் வாரத்தில் வெட்டினால் கிறிஸ்துமஸ் வேளையில் சுவர் சிவக்கும். தங்கவயலில் அதற்கு மதிப்பு மிகுதி. இரண்டாம் சுற்று மாசியில் வரும். அதன்பின் வாடிய கொத்துகளை இரண்டு இலையோடு கிள்ளிவந்தால் கோடையிலும் ஆங்காங்கே பூ இருக்கும்.

நோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் பொருந்திய வகைக்கு அவை குறைவு. குளிர்ந்த, வறண்ட மார்கழியில் இளந்தளிரில் சாம்பல் நோய் வரும், மழைநாளில் கரும்புள்ளி. முன்னதற்கு நனையும் கந்தகத்தைக் காலையில் தெளிக்கலாம், வெயில் கடுமையாகும் மாதங்களில் கூடாது. பின்னதற்கு உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரிப்பதே பாதி மருந்து. பங்குனியில் மொட்டுகளைச் சுரண்டும் இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். புழுதி படிந்த இலையின் அடியில்தான் சிவப்புச் சிலந்தி குடியேறும். வாரம் ஒருநாள் காலையில் இலைகளின் அடிப்புறம் படுமாறு நீர் பீய்ச்சினால் புழுதியும் போகும், சிலந்தியும் குறையும். முற்றிய தண்டில் செம்பழுப்புச் செதில் ஒட்டியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து அகற்றுக. வெட்டிய நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழிறங்கும் நோய் ஒன்று உண்டு. பச்சைத் தண்டு தெரியும்வரை மேலும் வெட்டி, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசினால் நிற்கும். அசல் செடியையே கொல்லக்கூடிய நோய் இது என்பதால், இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டா.

கவாத்தில் வெட்டிய கிளைகளை எறியாதீர்கள். பென்சில் கனத்தில், பூத்து முடிந்த, ஒரு சாண் நீளக் குச்சிகளாக நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, கீழ்க்கணு மண்ணுக்குள் இருக்குமாறு மணலும் செம்மண்ணும் சமமாகக் கலந்த தொட்டியில் சாய்வாகச் செருகுங்கள். நிழலில் வைத்து ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் ஆறு, ஏழு வாரத்தில் வேர்விடும். கிரூஸ் ஆன் டெப்ளிட்ஸ் பத்துக்கு ஐந்தாவது பிழைக்கும். நான்கு மாதம் கழித்து, அடுத்த வீட்டுச் சுவருக்கு ஒன்று, கோயில் அல்லது தேவாலய வேலிக்கு ஒன்று எனத் தரலாம். அவை தன் வேரில் நிற்பவை, இந்த ஊர் வெயிலில் பழகிய தாயின் பிள்ளைகள். ஆடி மழைக்கு முன் அவர்களைக் குழி தோண்டி வைக்கச் சொல்லுங்கள், இரண்டரை அடி.